துருப்பிடித்த பழைய டிராக்டர்: முதன்முதலாகக் கை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டொங்காட், வெருலம், ஸ்டேங்கர், உம்சிண்டோ பக்கம் கரும்பு போட்ட நம் குடும்பங்கள் பலவற்றில் கொட்டகைக்குப் பின்னால் இன்னும் ஒரு பழைய டிராக்டர் நிற்கிறது. பெரும்பாலும் சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20 அல்லது சிவப்பு மாசி ஃபெர்குசன் 35. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் வந்திறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சிறுகச் சிறுக நிலம் சேர்த்து, மண்வெட்டியிலிருந்து இயந்திரத்துக்கு மாறிய காலத்தின் சாட்சி அது. அதை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்று இளையவர்கள் வந்து கேட்கும்போது மனம் நிறைகிறது. கூடவே பயமும் வருகிறது. இத்தனை வருடம் மழையையும் கடற்காற்றையும் தாங்கி நின்ற வண்டியை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாழாக்கிவிட முடியும்.

தவறுகளில் இரண்டு வகை உண்டு. காசு செலவழித்தால் சரியாகிவிடுவது ஒன்று, என்ன செலவழித்தாலும் திரும்ப வராதது மற்றொன்று. தப்பான நிறத்தில் பெயின்ட் அடிப்பது முதல் வகை. விரிசல் விட்ட இன்ஜின் பிளாக்கும் நசுங்கிய கையும் இரண்டாம் வகை. நான் அதிகம் சொல்லப்போவது இந்த இரண்டாம் வகையைத்தான்.

இன்ஜின் ஜாமாகியிருந்தால்

“மாமா, பக்கியில கட்டி இழுத்தா ஸ்டார்ட் ஆயிடுமா?” எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது (பக்கி என்றால் பிக்கப் வண்டி). வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். கியரில் போட்டு இழுத்தால் அந்த விசை முழுவதும் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு மேல் விழும். ராடு வளையும், ரிங் ஒடியும், பிஸ்டன் விளிம்பு பெயர்ந்து வரும். ஓடியிருக்க வேண்டிய இன்ஜின் அதோடு பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

முதலில் ஸ்பார்க் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் ஊற்றுங்கள். டீசலும் துரு இளக்கும் எண்ணெயும் கலந்தது போதும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து ஊற்றுபவர்களும் உண்டு, அதுவும் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் தீக்கிட்ட வைத்துக்கொள்ளக் கூடாது. ஊற்றிவிட்டுச் சில நாள் அப்படியே விடுங்கள். குறைந்தால் மறுபடி ஊற்றுங்கள். வாரங்கள் ஆனாலும் பரவாயில்லை.

ஊறும் நேரத்தில் வால்வு மூடியைத் திறந்து பாருங்கள். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். வால்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்க, நீங்கள் இன்ஜினைச் சுற்றினால் வால்வைத் தள்ளும் புஷ்ராடு வளையும் அல்லது பிஸ்டன் வந்து வால்வில் இடிக்கும். ஒவ்வொரு வால்வும் ஸ்பிரிங்கோடு இறங்கி ஏறுகிறதா என்று தெரிந்த பிறகு, ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரத்தின் பற்களில் ஒரு கம்பியைக் கொடுத்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், அடுத்த நாள் இரண்டு மயிரிழை நகரும்.

எதுவும் நகரவில்லை என்றால்தான் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டும். இங்கேதான் சாம்பல் ஃபெர்குசனின் பெரிய பொறி இருக்கிறது. அதன் ஸ்டாண்டர்ட் கம்பெனி இன்ஜினில் இருப்பது ஈர லைனர், அதாவது சிலிண்டர் குழாயின் வெளிப்புறம் நேராக ரேடியேட்டர் தண்ணீரில் நிற்கிறது. அதைப் பிளாக்கோடு அழுத்திப் பிடித்திருப்பதே ஹெட்தான். ஹெட் இல்லாமல் இன்ஜினைச் சுற்றினால் பிஸ்டன் லைனரையும் சேர்த்து மேலே தூக்கிவிடும். கீழே உள்ள கேஸ்கெட் விட்டுப்போகும், தண்ணீர் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பில் இறங்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. இன்ஜினைக் கூட்டி, பெயின்ட் அடித்து, ஓட்டிய பிறகு ஆயில் பால்போல வெளுத்து வரும்போதுதான் தெரியும், அப்போது எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். ஹெட்டைத் தூக்கியதும் அதைப் பிடித்திருந்த ஸ்டட்டுகளில் தடித்த வாஷரும் குழாய்த் துண்டும் போட்டு நட்டால் இறுக்கி, லைனர்கள் எழும்பாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே சுற்றலாம்.

வண்டி கடற்கரைப் பக்கத்தது இல்லாமல் ஃப்ரீ ஸ்டேட்டிலிருந்தோ டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்திலிருந்தோ வந்ததென்றால், இதற்கெல்லாம் முன்பே பிளாக்கின் பக்கச் சுவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அங்கே குளிர்கால இரவில் தண்ணீர் உறையும். உறைந்தால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும். விரிசல் இருந்தால் அங்கேயே நிறுத்தி, நல்ல வார்ப்பிரும்பு வெல்டரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

பிரிக்கும்போது

இந்த டிராக்டர்களுக்குத் தனி சேசிஸ் கிடையாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் பின் அச்சும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு முறுக்கியதே உடம்பு. கிளட்ச் மாற்ற நடுவில் பிரித்தால் முன்பாதி ஒரே ஒரு அச்சுமேல் நிற்கும், அந்த அச்சு இருபுறமும் ஆடும்படி செய்யப்பட்டது. ஆகவே பிரிப்பதற்கு முன் முன் அச்சுக்கும் உடம்புக்கும் நடுவே இருபுறமும் மர ஆப்பு அடிக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி போல்ட் விடுபட்டதும் இன்ஜின் பாதி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஜாக்கியை நம்பி எதற்கும் அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு அல்லது கட்டை வைத்தே போங்கள். ஹைட்ராலிக் கை மேலே நிற்கிறதே என்று அதன் கீழ் உட்கார்ந்து வேலை செய்வதும் அதே அபாயம்தான்.

போல்ட் விஷயத்தில் பொறுமை வேண்டும். இவை அங்குல அளவு வண்டிகள். அரை அங்குல ஸ்பேனர் பிடிக்கும் நட்டு 12.7 மில்லிமீட்டர், அதில் 13 மில்லி ஸ்பேனர் உட்காருவதுபோல் இருக்கும், ஆனால் துருப்பிடித்த நட்டில் விசை கொடுத்ததும் மூலை மழுங்கும். அதைவிடக் கெட்டது கைக்குக் கிடைத்த போல்டைத் திணிப்பது. 8 மில்லி போல்ட் 5/16 அங்குலத் துளையில் ஓரிரு சுற்று சுகமாக இறங்கும், பிறகு மரையைத் தின்றுவிடும். இறுகிய நட்டைக் கழற்ற முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்ன அழுத்தம், பிறகு தளர்த்தும் பக்கம். அசையாவிட்டால் சூடு காட்டி, ஆறும்போது மெழுகுவத்தியை விளிம்பில் வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். சைலன்சர் மேனிஃபோல்டு ஸ்டட்டில் ஒருநாளும் அவசரப்படாதீர்கள்.

துரு, தூசி, டேங்க்

துருவை எடுக்க மணல் வீசும் கடைக்கு அனுப்புகிறவர்கள் முழு வண்டியையும் அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். மணல் பேரிங்குக்குள்ளும் காற்று வழிக்குள்ளும் போய்விடும், எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. தகரப் பாகங்களைக் கழற்றி அனுப்புங்கள், இன்ஜினை அனுப்பாதீர்கள். சாதாரண மணலின் தூசி நுரையீரலையும் கெடுக்கும்.

சின்னப் பாகங்களுக்கு நான் சொல்வது சலவைச் சோடா கரைத்த தண்ணீரும் பேட்டரி சார்ஜரும். துருப்பிடித்த பாகம் மைனஸில், பழைய இரும்புத் தகடு பிளஸில். மாற்றிக் கட்டினால் உங்கள் பாகமே கரையும். தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டவே வேண்டாம், தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும். அலுமினியப் பாகத்தையும் அதில் போடக் கூடாது. ஹைட்ரஜன் வரும், ஆகவே திறந்தவெளியில் வையுங்கள்.

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கா அதைத் தடை செய்தது 2008இல்தான். பிரேக் டிரம்மைக் கம்ப்ரெசர் காற்றால் ஊதுவது நம் ஆட்கள் எல்லோருக்கும் பழக்கம். தயவுசெய்து நிறுத்துங்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், அதனால் உப்புத்தாள் போடும்போது தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கிறது என்று வெல்டிங் வைப்பதுதான் எனக்கு மிகவும் பயமான தவறு. காலி டேங்கில் இருப்பது பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கைவிட அது எளிதாக வெடிக்கும். ஓட்டை அடைப்பதை அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். உள்ளே துரு மட்டும் என்றால் ஒரு துண்டு சங்கிலியும் வினிகரும் போட்டுக் குலுக்கி, சோடா நீரால் கழுவி, உடனே காயவைத்தால் போதும்.

பின் டயருக்குள் எடைக்காக நீர் நிரப்பியிருக்கலாம். அதில் கால்சியம் குளோரைடு கலந்திருந்தால் ரிம் உள்ளிருந்தே அரித்திருக்கும். புது டயருக்குக் காசு கொடுக்கும் முன் ரிம்மைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

பெயின்டைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. அது கடைசி வேலை, முதல் வேலை அல்ல. கடற்கரையின் கோடை ஈரத்தில் தேய்த்து வைத்த இரும்பு அன்றிரவே மஞ்சளாகிவிடும், ஆகவே தேய்த்த அன்றே பிரைமர் அடியுங்கள். ஜூன், ஜூலை வறண்ட நாட்கள் ஏற்றவை. ஆனால் அது கரும்பு எரிக்கும் பருவமும்கூட, அக்கம்பக்கத்தில் எரிக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு அடியுங்கள். இல்லாவிட்டால் ஈர பெயின்ட் முழுக்கக் கருஞ்சாம்பல் வந்து உட்காரும்.

ஸ்டார்ட் செய்யும் நாள்

சம்ப் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். அடியில் தேங்கிய தண்ணீர் முதலில் வரும். கியர்பாக்ஸிலும் அப்படியே, ஃபெர்குசனில் ஹைட்ராலிக்கும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. சாம்பல் ஃபெர்குசனில் பேட்டரியின் பிளஸ் உடம்போடு சேரும், மைனஸ் அல்ல. இன்றைய கார் பழக்கத்தில் மாற்றிக் கட்டாதீர்கள்.

ஃபெர்குசன் டிஇ20இல் ஸ்டார்ட்டர் கியர் லீவரில்தான் இருக்கிறது, நியூட்ரலில் அல்லாமல் வேலை செய்யாது. கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த அந்த வண்டியில் அன்றே யோசித்து வைத்த பாதுகாப்பு அது. ஸ்டார்ட்டரில் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்க ஸ்டார்ட் செய்வது அந்தப் பாதுகாப்பைக் கழற்றி எறிவதற்குச் சமம். வண்டி கியரில் இருந்தால் பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்பது நீங்கள்தான். ஹேண்டில் போட்டுச் சுற்றினால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், மேல்நோக்கி இழுங்கள், கீழ்நோக்கி அழுத்தாதீர்கள்.

டீசல் என்றால் இரண்டு எச்சரிக்கை. இன்ஜெக்டர் தெளிப்பைக் கைவைத்துச் சோதிக்காதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். டீசல் பம்ப் உள்ளே ஒட்டியிருந்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வழியை மூடத் தட்டையான பலகை ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், உள்ளங்கையால் மூடப் போகாதீர்கள்.

உதிரிபாகத்துக்கு அலைவோம் என்று பயப்பட வேண்டாம். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே, மாசி ஃபெர்குசன் 35 வழிவந்த டிராக்டர்களைப் பல பத்தாண்டுகள் செய்திருக்கிறது, அதனால் 35க்கும் அதன் பின் வந்த 135க்கும் பாகம் கிடைப்பது மற்றப் பழைய வண்டிகளைவிட எளிது. அபூர்வமான வண்டியை முதல் வேலையாக எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

ஓடத் தொடங்கியதும் ஆயில் பிரஷர் முள் எழும்புகிறதா என்று பாருங்கள். எழாவிட்டால் உடனே நிறுத்துங்கள். முதல் ஓட்டம் சமதரையில் இருக்கட்டும். இந்தப் பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கத் தலைக்கு மேல் காப்புக் கம்பி கிடையாது, நம் கரும்புக் காடுகளோ சரிவில்தான் இருக்கின்றன. பக்கவாட்டுச் சரிவில் ஏற்றாதீர்கள், மட்கார்டில் யாரையும் உட்காரவைக்காதீர்கள், பேரப்பிள்ளை எவ்வளவு அழுதாலும்.