மின்னோட்டம் எங்கிருந்து வந்தது? மின்வினையூக்கி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரத்தால் நடக்கும் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்தான் மின்வினையூக்கி. அந்த ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் விழும் குழி, பிளாட்டினம் கம்பி. ஹைட்ரஜன் வெளியேறும் வினையைச் சோதிக்க, கார்பன் மின்முனையில் சாம்பிளைப் பூசி அமிலத்தில் வைப்பார்கள். சுற்றை முடித்துவைக்கும் இன்னொரு மின்முனையாக, அதாவது கவுன்டராக, கைக்குக் கிடைத்த பிளாட்டினம் கம்பி. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சுற்றுகள் ஓட ஓட மின்னோட்டம் ஏறும். "கேட்டலிஸ்ட் ஆக்டிவேட் ஆகிறது" என்று நோட்டில் எழுதியும் விடுவோம். உண்மையில் கவுன்டரிலிருந்து பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து, சாம்பிளின் தலைமேல் வந்து படிந்துகொண்டிருக்கும். இந்த வினைக்கு அதைவிடச் சிறந்த வினையூக்கி இல்லை. அது மேலே உட்கார்ந்த பிறகு அடியில் என்ன இருந்தால் என்ன? நானும் முதல் வருடம் மூன்று வாரம் இப்படிச் சந்தோஷமாக இருந்தவன்தான். கவுன்டராகக் கிராஃபைட் தண்டை மாட்டிப் புது சாம்பிளை ஓட்டிய அன்று, கோடு ஏறவே இல்லை.

காரக் கரைசலில் இதே வேலையை இரும்பு செய்கிறது. நிக்கல் ஹைட்ராக்சைடு, கடையில் வாங்கிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஒளிந்திருக்கும் இரும்பை உறிஞ்சிக்கொண்டு ஆக்சிஜன் வெளியேறும் வினையில் பிரமாதமாக ஓடும். காரிகன் என்ற ஆய்வாளர் 1987-லேயே இதைச் சொல்லிவிட்டார். 2014-ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் பாட்சர் குழு, இரும்பை நீக்கிய கரைசலில் வெறும் நிக்கல் எவ்வளவு சுமாரானது என்று காட்டியது. தீர்வு எளிது: சுத்தமான நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவைக் கரைசலில் கலக்கி, தெளியவிட்டுப் பயன்படுத்துங்கள், இரும்பை அது பிடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பாத்திரமும் வேண்டாம். காரம் அதையும் அரிக்கும்.

நிக்கல் நுரையில், அதாவது நுரைபோல் துளைகள் நிறைந்த நிக்கல் உலோகத்தில், இன்னொரு வேடிக்கை. 1.4 வோல்ட் அருகே நிக்கலே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒரு முகடு எழும். ஒப்பிட வழக்கமாக எடுக்கும் 10 மில்லிஆம்பியர் கோட்டை அந்த முகட்டின்மேல் வெட்டி, "மிகை மின்னழுத்தம் (வினைக்குக் கோட்பாட்டின்படி வேண்டியதற்கு மேல் கொடுப்பது) வெறும் 170 மில்லிவோல்ட்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே ஒரு குமிழிகூட வந்திருக்காது. மின்னழுத்தத்தை மேலிருந்து கீழாக ஸ்கேன் செய்யுங்கள், அல்லது அதை ஒரே அளவில் நிலையாக வைத்து அளந்து பாருங்கள்.

கரைசல் மின்தடைத் திருத்தத்தில், அதாவது கரைசலின் தடையில் வீணாகும் மின்னழுத்தத்தைக் கழிப்பதில், கணக்கைப் பாருங்கள். 100 மில்லிஆம்பியரில் 2 ஓம் என்றால் 200 மில்லிவோல்ட் அப்படியே கழிகிறது. 0.1 ஓம் பிசகினால் 10 மில்லிவோல்ட் போச்சு. பல கட்டுரைகள் ஒன்றையொன்று முந்துவதே அந்த 10-ல்தான். திருத்தாத வளைகோட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். மின்னழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு மின்முனையிலும் கவனம் வேண்டும்: காரத்தில் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையை நாள்கணக்கில் ஊறவிடாதீர்கள். பாதரசம்–பாதரச ஆக்சைடுதான் அங்கே பொருத்தம்.

எல்லாவற்றிலும் மோசம், நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் ஆய்வு. கிடைப்பதே அற்ப அளவு. அதைக் காற்றும், கையுறையும், ஏன் நம் மூச்சுக்காற்றுமே தந்துவிடும். 2019-ல் நேச்சர் இதழில் டென்மார்க், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) வாயுவைக் கொண்டு சரிபார்க்கும் முறையை வகுத்தார்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானில் ஒருமுறை, மின்சாரமே இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்காத முடிவை நான் நம்புவதில்லை. நைட்ரஜன்-15 சிலிண்டரையும் கழுவாமல் நேராக இணைக்காதீர்கள். விலை கொடுத்து வாங்கிய அந்த வாயுவிலேயே நைட்ரஜன்-15 அம்மோனியா கலந்திருக்கலாம்.