ஃப்ரீசிங்க் மானிட்டர், ஜிஃபோர்ஸ் கார்டு: திரை கிழிவதை நிறுத்தும் வழி

கேமில் வேகமாகத் திரும்பும்போது எதிரே நிற்கும் விளக்குக் கம்பம் நடுவில் வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி இன்னொரு பக்கமுமாகத் தெரிகிறதா? அதுதான் ஸ்க்ரீன் டேரிங். மானிட்டர் ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரைந்துகொண்டிருக்கும்போதே கிராபிக்ஸ் கார்டு அடுத்த படத்தைத் தள்ளிவிடுகிறது. மேலே பழைய படம், கீழே புதுப் படம், நடுவில் கிழிசல். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் சுமார் 6.9 மில்லிசெகண்டுக்கு ஒரு படம் வரைகிறது. கார்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

அடாப்டிவ் சிங்க் வந்தால் மானிட்டர் கார்டுக்காகக் காத்திருக்கும். 2013-ல் ஜிஃபோர்ஸ் கார்டுகளைச் செய்யும் என்விடியா, இதற்கான தன் தொழில்நுட்பமான ஜி-சிங்க்கை அறிவித்தபோது அதற்கென்று மானிட்டருக்குள் தனி மாட்யூல் தேவைப்பட்டது, விலையும் எகிறியது. 2014-ல் திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வேசா அமைப்பு அடாப்டிவ்-சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி அதை வைத்து ஃப்ரீசிங்க் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் என்விடியா டிரைவரும் இறங்கிவந்து ஃப்ரீசிங்க் மானிட்டர்களை ஏற்க ஆரம்பித்தது. இன்று பலர் மேசையில் இருக்கும் ஜோடி இதுதான், தகராறு அதிகம் செய்வதும் இதுதான். என்னிடம் இருப்பதும் இதே. விண்டோஸ் 11-ஐ வைத்து எழுதுகிறேன்.

படி 1: கேபிள்

டிஸ்ப்ளேபோர்ட்தான். கார்டு ஜிடிஎக்ஸ் 10 வரிசை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கவேண்டும். பழைய எச்டிஎம்ஐ வழியாக ஃப்ரீசிங்க் ஓடுவது ஏஎம்டியின் சொந்த ஏற்பாடு, ஜிஃபோர்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. எச்டிஎம்ஐ 2.1-ல் விஆர்ஆர் (ரெஃப்ரெஷ் ரேட்டைக் கார்டுக்கு ஏற்ப மாற்றும் வசதி) இருக்கும் டிவியோ மானிட்டரோ என்றால் கதை வேறு. கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

படி 2: மானிட்டர் மெனு

மானிட்டரின் பட்டனை அழுத்தி, அதன் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ்-சிங்க் என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். பல மானிட்டர்கள் இதை ஆஃப் செய்துதான் பெட்டிக்குள் வருகின்றன. இது ஆனாகாவிட்டால் அடுத்து நான் சொல்லும் பக்கமே கண்ணில் படாது.

படி 3: விண்டோஸ்

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 144 ஆக்குங்கள்.

படி 4: ஒளிந்திருக்கும் டிக்

என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'செட் அப் ஜி-சிங்க்' பக்கம். புது என்விடியா ஆப் வந்துவிட்டது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பழைய பேனல்தான் பிடிக்கும். எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். முதல் டிக் ஜி-சிங்க்கை ஆன் செய்ய. அதன் கீழே 'ஃபுல் ஸ்க்ரீன் மோட்' மட்டும் தேர்ந்தெடுங்கள். விண்டோவுக்கும் சேர்த்து ஆன் செய்தால் சில சாதாரண மென்பொருள்களில்கூடத் திரை மினுக்கும்.

பலரும் இத்துடன் பேனலை மூடிவிடுகிறார்கள். அதே பக்கத்தில் இன்னும் கீழே, 'எனேபிள் செட்டிங்ஸ் ஃபார் தி செலக்டட் டிஸ்ப்ளே மாடல்' என்று இன்னொரு டிக் இருக்கும். என்விடியா சோதித்துச் சான்று தராத மானிட்டர்களுக்கு இது தானாக ஆனாகாது. முதல் டிக் மட்டும் போட்டால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், திரை கிழிந்துகொண்டே இருக்கும். இரண்டையும் போட்டு 'அப்ளை' கொடுங்கள்.

படி 5: வி-சிங்க்கை ஆன் செய்யவேண்டும், ஆமாம்

வி-சிங்க் என்பது மானிட்டர் ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை கார்டைக் காத்திருக்க வைக்கும் பழைய ஏற்பாடு. இதை ஆன் செய்யச் சொன்னாலே சண்டைக்கு வருவார்கள். ஜி-சிங்க் இருக்கும்போது வி-சிங்க் எதற்கு? தாமதம் வருமே?

அடாப்டிவ் சிங்க் வேலை செய்யும் மானிட்டரின் எல்லை 48–144 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கேம் சராசரியாக 140 எஃப்பிஎஸ் (நொடிக்கு 140 ஃப்ரேம், அதாவது படம்) ஓடுகிறது. சராசரிதான் 140, நடுவில் ஒரு ஃப்ரேம் 6 மில்லிசெகண்டிலேயே தயாராகிவிடும். மானிட்டருக்கு 6.9 வேண்டும். வி-சிங்க் ஆஃபில் இருந்தால் அந்த ஃப்ரேம் பாதியில் நுழையும், திரையின் அடிப்பகுதியில் மெல்லிய கிழிசல் தெரியும். கிழிசல் எப்போதும் கீழேயே வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். வி-சிங்க் ஆனில் இருந்தால் அந்த ஒரு ஃப்ரேம் மட்டும் கொஞ்சம் காத்திருக்கும்.

தாமதம் எப்போது வரும்? எஃப்பிஎஸ் 144-ஐ முட்டி, ஃப்ரேம்கள் வரிசையில் நிற்க ஆரம்பிக்கும்போது. முட்டவே விடாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. ஆகவே:

- என்விடியா பேனலில் வி-சிங்க் ஆன்.
- கேமுக்குள் வி-சிங்க் ஆஃப்.
- எஃப்பிஎஸ் வரம்பு மானிட்டரைவிட 3 குறைவு. 144-க்கு 141, 240-க்கு 237.

இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ரிஃப்ளெக்ஸ் (தாமதத்தைக் குறைக்கும் என்விடியா வசதி) உள்ள கேம்களில், 144 மானிட்டரில் அதுவே வரம்பை 138-ல் பிடித்துவைக்கும். 144 வரவில்லையே என்று பதறவேண்டாம். வரம்பு வைக்க என் முதல் தேர்வு கேமுக்குள்ளேயே இருக்கும் லிமிட்டர், தாமதம் அதில்தான் குறைவு. அது இல்லாத, அல்லது 60, 120 என்று மொட்டையாக மட்டும் தரும் கேம்களுக்கு ரிவாட்யூனர் என்ற தனி மென்பொருள். பேனலின் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்'டும் பரவாயில்லை. எல்டன் ரிங் போல 60-லேயே பூட்டிவைத்த கேமுக்கு எதுவும் வேண்டாம்.

படி 6: நிஜமாகவே ஓடுகிறதா?

திரை ஓரத்தில் வரும் எஃப்பிஎஸ் எண் சாட்சி ஆகாது, அது கார்டின் கணக்கு. மானிட்டர் மெனுவில் ரெஃப்ரெஷ் ரேட் காட்டும் வசதி இருந்தால் அதைத் திறந்துவைத்து விளையாடுங்கள். கேம் 90-ல் ஓடும்போது அங்கேயும் 90-ஐ ஒட்டி எண் ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். 144-லேயே அசையாமல் நின்றால் படி 2-க்கும் படி 4-க்கும் திரும்பிப் போங்கள்.

பின்சேர்க்கை

கிழிசல் போய்விட்டது, ஆனால் லோடிங் திரையிலும் இருட்டுக் காட்சிகளிலும் மினுக்குகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கேட்டுப் பார்த்தால் அவர்களுடையது விஏ வகை எல்சிடி திரை. ஓஎல்இடி திரைகளிலும் இது உண்டு. ரெஃப்ரெஷ் ரேட் மாற மாற வெளிச்சமும் இலேசாக மாறுகிறது, எஃப்பிஎஸ் குதிக்கும்போது அது கண்ணுக்குத் தெரிகிறது. கார்டு நிலையாகத் தாங்கும் அளவுக்கு வரம்பைக் குறையுங்கள்: 90-க்கும் 140-க்கும் நடுவே ஊசலாடுவதைவிட 95-ல் நிற்பது நல்லது. அப்போதும் போகாவிட்டால் கஸ்டம் ரெசொல்யூஷன் யுடிலிட்டி என்ற இலவச மென்பொருளில் கீழ் எல்லையை 48-லிருந்து 60 பக்கம் ஏற்றிப் பார்க்கலாம். அதற்கு முன் கூடவே வரும் 'ரீசெட்-ஆல்' கோப்பை டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். திரை கறுத்துப்போனால் சேஃப் மோடில் போய் அதை ஓட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. எஃப்பிஎஸ் கீழ் எல்லைக்குக் கீழே விழும்போது ஒரே படத்தை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும் எல்எஃப்சி என்ற ஏற்பாடு இருக்கிறது. அது வேலை செய்ய, மானிட்டரின் மேல் எல்லை கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்காவது இருக்கவேண்டும். 48–75 மானிட்டர்களில் அது நடக்காது. 48-க்குக் கீழே போனால் பழைய தொல்லை திரும்பும். அங்கே கேமின் கிராபிக்ஸைக் குறைப்பதுதான் வழி.

லேப்டாப்காரர்கள்: ஜி-சிங்க் பக்கமே காணவில்லை என்றால், திரை இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள் கிராபிக்ஸில் இணைந்திருக்கும். திரையை எந்தக் கிராபிக்ஸில் இணைப்பது என்று மாற்றும் மக்ஸ் ஸ்விட்ச் இருந்தால் தனிக் கார்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

படம் கிழியாமல், ஆனால் புது இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு நொடி உறைகிறது என்றால் அது ஷேடர் (காட்சியை வரைய கார்டுக்குத் தரப்படும் சிறு நிரல்) கம்பைல் ஆவதாக இருக்கலாம். மேலே சொன்ன எதுவும் அதைத் தீர்க்காது. அது வேறு பதிவு.