விளையாட்டுப் படத்தில் அணி, தேசம், பாகுபாடு: திரைக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டுப் படம் எழுத உட்காருகிறவர்களில் பலர் முதலில் எழுதுவது கடைசி ஐந்து நிமிடத்தைத்தான். கொடி, வியர்வை, ஸ்லோ மோஷன், ஆரவாரம். அதற்கு முன்னால் வரும் இரண்டு மணி நேரம் சரியாக அமையாவிட்டால், கொடி எவ்வளவு உயரப் பறந்தாலும் பார்ப்பவர் மனதில் ஒன்றும் ஒட்டாது. ஜெய்தீப் சாஹ்னி எழுதி ஷிமித் அமீன் இயக்கிய 'சக் தே இந்தியா' (2007) இதைப் படிக்க நல்ல படம். துரோகிப் பட்டம் சுமந்த முன்னாள் ஆட்டக்காரர் கபீர் கான் பயிற்சியாளராகி, இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியை உலகக் கோப்பை வெல்ல வைக்கும் அந்தக் கதையில் சரியாக அமைந்தவையும் உண்டு, சறுக்கியவையும் உண்டு. எழுதுகிறவருக்கு இரண்டும் உதவும்.

வெறுப்பை ஒரே வில்லன் தலையில் கட்டுவது

பெரும்பாலான கதைகளில் ஒரு தேர்வுக்குழு உறுப்பினர் இருப்பார். சாதியோ மதமோ பார்த்து நாயகனை ஒதுக்குவார், கடைசியில் தலைகுனிவார். பாகுபாடு அப்படி ஓர் ஆளிடம் மட்டும் குடியிருப்பதில்லை. சாதாரண மனிதர்கள் சாதாரணமாகப் பேசும் பேச்சில்தான் அது அதிகம் இருக்கிறது. இந்தப் படத்தில் பயிற்சி முகாமுக்குப் பெயர் பதியும் மேசையைப் பாருங்கள். மிசோரம், மணிப்பூரிலிருந்து வந்த மேரி, மோலி இருவரையும் அங்கிருப்பவர் விருந்தாளிகள் என்று வரவேற்கிறார். அவர் மரியாதையாகத்தான் பேசுகிறார். சொந்த நாட்டில் விருந்தாளி ஆவது எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்கும்போதுதான் அவருக்கே உறைக்கிறது. அதே இடத்தில் ஆந்திரப் பெண் நேத்ரா ரெட்டியிடம் தமிழுக்கும் தெலுங்குக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி வருகிறது. பஞ்சாபிக்கும் பீகாரிக்கும் உள்ள அதே வித்தியாசம் என்கிறாள். தெற்கிலிருந்து வடக்கே படிக்கவோ வேலைக்கோ போனவர்கள் எத்தனை முறை கேட்ட கேள்வி அது! யாரும் கத்தவில்லை, பின்னணி இசை அலறவில்லை, ஆனாலும் முழு விஷயமும் அங்கே வந்துவிடுகிறது.

எழுதும்போது செய்ய வேண்டியது இதுதான். அணியில் ஒவ்வொருவரும் ஒதுக்கப்படும் இடங்களைப் பட்டியல் போடுங்கள்: பதிவு மேசை, அறை ஒதுக்கீடு, சாப்பாட்டுத் தட்டு, பட்டப்பெயர், பேருந்தில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள். அவற்றில் மூன்றை எடுத்து, பேசுகிறவருக்குத் தான் தவறு செய்கிறோம் என்றே தெரியாத மாதிரி எழுதுங்கள்.

வெற்றி எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று முடிப்பது

இந்தத் தவறுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. வென்றால் மரியாதை என்று கதை முடிந்தால், தோற்றவளை அவமதிப்பதில் தப்பில்லை என்று அந்தக் கதையே ஒப்புக்கொள்கிறது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அணி அர்ஜென்டினாவிடம் 2-1 என்று தோற்றது. ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு முன்னால் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். நான்கே நாளில் நாயகி வேண்டாதவளாகிவிட்டாள்.

'சக் தே'யின் ஆரம்பம் இதைப் புரிந்துகொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் முஸ்லிமான கபீர் கான் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்கை (கோல் கீப்பர் மட்டும் தடுக்க நிற்க, தனியாக அடிக்கும் வாய்ப்பு) தவறவிடுகிறார், எதிரணி ஆட்டக்காரரோடு கைகுலுக்கும் படம் வெளியாகிறது, வீட்டுச் சுவரில் துரோகி என்று எழுதுகிறார்கள். இத்தனைக்கும் அவர் மதத்தைப் பற்றி நீண்ட வசனம் பேசவே இல்லை. அந்த மௌனம் படத்தின் பலம். முடிவு அந்த அளவுக்குத் துணியவில்லை. கோப்பையோடு வந்தவரை அதே தெரு கொண்டாடுகிறது, அந்தத் தெருவை யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஒரே ஒரு அண்டை வீட்டுக்காரராவது கண்ணைப் பார்க்க முடியாமல் நின்றிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும்.

பேச்சில் ஒற்றுமை, ஆட்டத்தில் ஒன்றுமில்லை

இறுதிப் போட்டிக்கு முன் வரும் '70 நிமிடம்' பேச்சு பலருக்கு மனப்பாடம். அதைப் பார்த்து எழுதப்பட்ட உடைமாற்றும் அறைப் பேச்சுகள் ஏராளம். அந்தப் பேச்சு ஏன் வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும். அணியின் சண்டைகளெல்லாம் அதற்குள் தீர்ந்துவிட்டன. பேச்சு எதையும் தீர்க்க வரவில்லை. அதன் சுமை தேசத்தின் மேல் இல்லை, ஆடப்போகும் நேரத்தின் மேல் இருக்கிறது. இன்னொன்று: அன்று ஹாக்கி 35 நிமிடம் வீதம் இரண்டு பாதிகள். இப்போது சர்வதேசப் போட்டிகள் 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள், மொத்தம் 60 நிமிடம். இன்று நடப்பதாக எழுதும் கதையில் 70 என்று யாராவது சொன்னால் ஹாக்கி தெரிந்தவர் அங்கேயே விலகிவிடுவார்.

அணி ஒன்றுசேர்வது தெரிய வேண்டிய இடம் பாஸ், அதாவது சக ஆட்டக்காரருக்குப் பந்தைத் தள்ளிவிடுவது. யார் யாருக்குப் பந்து கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்க மறுக்கிறார் என்பதுதான் அணிப் படத்தின் உண்மையான கதை. 'சக் தே'யில் கோல் போடும் இடத்தில் ஆடும் ப்ரீத்தியும் கோமலும் அதிக கோல் யாருடையது என்று முட்டிக்கொள்கிறார்கள், ஒருத்தி காலியாக நிற்கும்போது மற்றவள் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். இறுதிப் போட்டியில் கோமல் பந்தை ப்ரீத்திக்குத் தள்ளுகிறாள். அவ்வளவுதான், வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இதைத் திட்டமிட எளிய வழி இருக்கிறது. படத்தில் காட்டப்போகும் ஆட்டங்களை நான்கு, ஐந்துக்குள் அடக்குங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாளில் பெயர்களை எழுதி, பந்து போகும் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். இரண்டு தாள்களில் ஒரே மாதிரி அம்பு வந்தால் ஓர் ஆட்டத்தை வெட்டிவிடலாம், அது ஸ்கோரை மட்டும்தான் மாற்றுகிறது. சண்டைக்கு ஊர், மொழி மட்டும் காரணமாக இருந்தால் போதாது. உண்மையான அணியில் கசப்பு பெரும்பாலும் ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போட்டியிடுவதில் பிறக்கிறது, ஊரும் மொழியும் அதில் எண்ணெய் ஊற்றும். அனுபவசாலி பிந்தியா நாயக்குக்குத் தலைமை கிடைக்காத கசப்பை இந்தப் படம் அப்படித்தான் கையாண்டது. கொரியா அணி ஆளுக்கு ஆள் ஒட்டி மறிக்கும்போது, அதை உடைக்க அவளுடைய அனுபவம்தான் தேவைப்படுகிறது. மன்னிப்பு வசனத்தைவிட அது நம்பும்படி இருக்கிறது.

துரித உணவகச் சண்டையைப் பலரும் நகலெடுக்கிறார்கள். அங்கே வடகிழக்குப் பெண்களைச் சீண்டியவர்கள் மேல் மற்றவர்கள் பாய்கிறார்கள். விருந்தாளிகளாகப் பார்க்கப்பட்டவர்களுக்காக மற்றவர்கள் அடிப்பதால்தான் அதற்கு அர்த்தம் வருகிறது. அந்த முன்கதை இல்லாமல் சண்டையை மட்டும் வைத்தால் அது வெறும் ஸ்டன்ட்.

மாநிலத்துக்கு ஒரு குணம்

பஞ்சாப் என்றால் கோபம், ஜார்கண்ட் என்றால் வெகுளி என்று ஆளுக்கொரு முத்திரை குத்துவது பாகுபாட்டை எதிர்க்கும் கதையையே பாகுபாட்டில் தள்ளும். இதில் 'சக் தே'யும் தப்பவில்லை. பஞ்சாப் பெண் பல்பீரின் கோபம் சிரிப்புக்குப் பயன்படுகிறது. ஜார்கண்டின் சோய்மோய், ராணி இருவருக்கும் வசனமே மிகக் குறைவு. இது உறுத்தலான குறை. ஏனென்றால் 1928இல் இந்தியா ஆம்ஸ்டர்டாமில் முதல் ஹாக்கி தங்கம் வென்றபோது தலைவராகச் சென்ற ஜெய்பால் சிங் முண்டா அந்தப் பழங்குடி மண்ணின் பிள்ளை. ஜார்கண்டின் சிம்டேகாவைச் சேர்ந்த சும்ராய் டேட்டே இந்தியப் பெண்கள் அணிக்கே தலைமை தாங்கியவர். படத்துக்குத் தூண்டுதலான 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் தங்கத்தை வென்ற அணியின் தலைவர் மணிப்பூரின் சூரஜ் லதா தேவி. படத்தில் தலைமை மத்தியப் பிரதேசத்தின் வித்யா சர்மாவிடம் போகிறது, மணிப்பூர்ப் பெண் ஓரத்தில் நிற்கிறாள். பாத்திரங்களை முடிவு செய்யும் முன் அந்த விளையாட்டின் உண்மை வரலாற்றைப் படியுங்கள். ஓரத்தில் வைக்க நினைத்தவர்கள் நடுவில் நின்றவர்களாக இருக்கக்கூடும்.

எதிரி நாட்டைத் தேடுவது

கடைசி ஆட்டத்தில் பாகிஸ்தானை வைத்தால் கூட்டம் தானாக எழும் என்ற கணக்கு சோம்பேறித்தனம். இந்தப் படம் பாகிஸ்தானை முதல் காட்சியோடு நிறுத்திவிட்டு இறுதியில் ஆஸ்திரேலியாவை வைத்தது. அது சரியான தேர்வு. ஆஸ்திரேலியப் பெண்கள் 1994, 1998 உலகக் கோப்பைகளையும் 1988, 1996, 2000 ஒலிம்பிக் தங்கங்களையும் வென்றவர்கள். பகையால் வரும் பயத்தைவிடத் திறமையால் வரும் பயம் ஆட்டத்துக்கு நல்லது. படத்தில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே இந்திய அணி அவர்களிடம் 7-0 என்று தோற்பதால் இறுதிக்கு எடை கூடுகிறது.

உண்மை மனிதரையும் பாத்திரத்தையும் குழப்புவது

கபீர் கான்தான் மீர் ரஞ்சன் நேகி என்று இன்னமும் பலர் எழுதுகிறார்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் 7-1 என்று இந்தியா தோற்றபோது கோல் கீப்பராக இருந்தவர் நேகி. விலைபோனார் என்ற பழியைச் சுமந்தார். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற ஆண்கள் அணிக்குக் கோல் கீப்பிங் பயிற்சி அளித்தார், படத்துக்காக நடிகைகளுக்கும் ஹாக்கி சொல்லிக்கொடுத்தார். அவர் முஸ்லிம் அல்ல, படத்தின் பாத்திரம் முஸ்லிம். சந்தேகம் எந்த வழியில் வருகிறது என்பதையே இந்த ஒரு மாற்றம் மாற்றிவிடுகிறது. உண்மைச் சம்பவத்தை எடுத்தால், எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

விதியில் கோட்டை விடுவது

ஹாக்கியில் ஸ்டிக்கின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம், அதனால் இடதுகை ஸ்டிக் என்று ஒன்று கிடையாது. 'டி'க்கு (கோலுக்கு முன்னால் வளைவாகக் கோடு போட்ட பகுதி) உள்ளே தாக்கும் அணியின் ஸ்டிக் பட்டால்தான் கோல். நடுமைதானத்திலிருந்து அடித்த பந்து நேராக வலைக்குள் போனால் செல்லாது. தடுக்கும் அணியின் தவறுக்காகக் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் பெனால்டி கார்னரில், பந்து 'டி'யை விட்டு வெளியே வந்த பிறகே கோலுக்கு அடிக்கலாம், கோல் கீப்பரைச் சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க முடியும். சமநிலையானால் அன்று 6.4 மீட்டரிலிருந்து பெனால்டி ஸ்ட்ரோக். இன்று ஷூட் அவுட்: ஆட்டக்காரர் சுமார் 23 மீட்டர் தூரத்திலிருந்து கோல் கீப்பரை நோக்கி ஓடிவருவார், கையில் 8 விநாடி. திரைக்கதைக்கு இது நல்வரம். ஸ்ட்ரோக்கில் கீப்பர் ஒரு பாய்ச்சலோடு முடித்துவிடுவார். ஷூட் அவுட்டில் 8 விநாடி முழுக்க இருவரும் ஒருவரையொருவர் படிக்க வேண்டியிருக்கும். அந்த விநாடிகளை ஸ்லோ மோஷனில் நீட்டாமல், கடிகாரம் தெரியும்படி முழு நேரத்தில் எடுங்கள்.