பிசிபி ஏர் ரைஃபிளில் பெல்லட் மாட்டிக்கொண்டால் எடுப்பது எப்படி?

0.177 அங்குலக் குழல் அளவும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பேப்பர் டார்கெட் அடித்துப் பழகப் பலர் வாங்குகிறார்கள். மேகசின் (பல பெல்லட்களை, அதாவது சின்ன ஈயக் குண்டுகளை, அடுக்கிவைக்கும் சுற்றுத் தட்டு) வைத்த பிசிபி, அதாவது சிலிண்டரில் முன்கூட்டியே உயர் அழுத்தக் காற்று நிரப்பிச் சுடும் ரைஃபிள், வாங்கியவர்களுக்கு முதலில் வரும் தொல்லை, பெல்லட்டைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட் பாதி வழியில் நின்றுவிடுவது. அந்த நேரத்தில் கை தானாகவே அழுத்தத்தான் பார்க்கும். அழுத்தாதீர்கள்.

பேரலை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு, சேஃப்டியைப் போட்டு, விரலை டிரிகரிலிருந்து எடுத்துவிடுங்கள். போல்டை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். முழுவதும் வந்துவிட்டால் மேகசினைக் கழற்றிப் பார்க்கலாம். மேகசின் வரவில்லையென்றால் பெல்லட் பாதி பேரலிலும் பாதி மேகசினிலும் நிற்கிறது என்று அர்த்தம். ஆட்டிப் பிடுங்கினால் ஈயம் அறுந்து இன்னும் இறுகிவிடும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் மேனுவலில் சொல்லியிருக்கும் முறையில் சிலிண்டர் காற்றை முழுக்க இறக்குங்கள். காற்று இருக்கும்போது பேரல் வாய்க்கு முன்னால் கையைக் கொண்டுபோகவே கூடாது. காற்றை இறக்கும் ஸ்க்ரூ இல்லாத மாடல் என்றால் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் கிளீனிங் ராடைப் பேரலின் வாய்ப்பக்கமிருந்து விட்டு, பெல்லட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து, உள்ளே குழிவாக இருக்கும். அந்தப் பக்கமிருந்து மெல்லிய கம்பியால் குத்தினால் விளிம்பு இன்னும் விரிந்து பேரலைக் கவ்விக்கொள்ளும். வாய்ப்பக்கமிருந்து தள்ளினால் ராடு கெட்டியான தலையில் படும், பெல்லட்டும் வந்த வழியே திரும்பிவிடும். பித்தளை ராடு அல்லது பிளாஸ்டிக் உறை போட்ட ராடுதான் என் தேர்வு. முனை தட்டையாக இருக்கட்டும். குடைக்கம்பி, சைக்கிள் ஸ்போக்ஸ் எதையும் உள்ளே விடாதீர்கள். பேரலின் வாய் விளிம்பில் சிறு கீறல் விழுந்தாலும் குண்டு குறி தவறும்.

சுடாமலே போல்டை இரண்டு தடவை இழுத்துத் தள்ளினால் பேரலுக்குள் இரண்டு பெல்லட் போய்விடும். அதையும் இதே முறையில்தான் எடுக்க வேண்டும். சுட்டு வெளியேற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். போல்டை இழுத்தால் கடைசி வரை இழுங்கள், தள்ளினாலும் கடைசி வரை தள்ளுங்கள்.

இனி, சிக்காமல் பார்த்துக்கொள்வது. பெல்லட்டை மேகசினில் போட்டதும் பக்கவாட்டில் பாருங்கள். மூக்கோ பாவாடையோ துளிகூட வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மேகசின் சுற்றாது. மேகசினுக்கு உருண்டை மூக்கு பெல்லட்தான் நல்லது. தட்டை மூக்கு பேப்பரில் வட்டமாக ஓட்டை போடும், ஆனால் அதை மேகசினுக்குப் பதிலாக மாட்டும் சிங்கிள் ஷாட் ட்ரேயில் ஒவ்வொன்றாகப் போட்டு அடிப்பதே சரி. டப்பாவிலிருந்து எடுத்தவற்றைக் கண்ணாடி மேல் உருட்டி, தள்ளாடுவதை ஒதுக்கிவிடுங்கள்.

நம் பக்கம் கிரானைட் தூளும் ஆடிக் காற்றுப் புழுதியும் மேகசினுக்குள் நிறையவே சேரும். காய்ந்த டூத் பிரஷ் போதும். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் விடவே கூடாது. புழுதியை ஒட்டவைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், உயர் அழுத்தக் காற்றோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு மட்டும் ஒரு சொட்டு சிலிகான் ஆயில்.

பின்சேர்க்கை: ஓசூரிலிருந்து ஒரு தம்பி, இவ்வளவும் செய்த பிறகும் சிக்குகிறது என்று போட்டோ அனுப்பியிருந்தார். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) ரைஃபிளில் பிடித்துவைக்கும் மவுண்ட் தாழ்வாக இருந்ததால் மேகசினின் மேல்விளிம்பு ஸ்கோப்பில் இடித்து, முழுதாக உட்காராமல் நின்றிருந்தது. துளைகள் நேர்படாவிட்டால் பெல்லட் விளிம்பில் மோதத்தான் செய்யும். உயரமான மவுண்ட் மாற்றியதும் சரியாகிவிட்டது. மவுண்ட் மாற்றினால் ஜீரோவை, அதாவது ஸ்கோப் காட்டும் இடத்திலேயே குண்டு படும்படியான அமைப்பை, மறுபடி செட் செய்ய வேண்டும்.