குடும்பத்தோடு கப்பற்பயணம்: எந்தக் கபின் யாருக்கு?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கும் பெற்றோர், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரு கிழமை ஒரே கப்பலில் கூடுவதென்று முடிவாகிவிட்டால், அடுத்து வருவது கபின் பதிவு. பெரும்பாலான குடும்பங்கள் பிசகுவதும் இந்த இடத்தில்தான். காசு கட்டுகிறவர் ஒரு நாட்டில் இருந்து மலிவைப் பார்த்துப் பதிவார். படுக்கப்போகிறவர் புதுக்குடியிருப்பில் இருப்பார். மூட்டுவருத்தக்காரருக்கு ஏணி வைத்த மேல்கட்டில் விழுந்திருப்பது கப்பலில் ஏறிய பிறகுதான் தெரியவரும்.

ஆகவே விலைப்பட்டியலைத் திறக்க முன்னர் ஒரு தாளை எடுங்கள். யார் யார், என்ன வயது, இரவில் எத்தனை தரம் எழும்புவார், படி ஏறுவாரா, குறட்டை உண்டா, இன்சுலின் போலக் குளிரில் வைக்கும் மருந்து உண்டா, எந்தப் பிள்ளை யாரோடு படுத்தால் நித்திரை கொள்ளும் என்று எழுதுங்கள். ஊரில் இருப்பவர்களிடம் தொலைபேசியில் கேட்டே எழுதுங்கள். "எங்களுக்கு எதெண்டாலும் சரி" என்றுதான் அம்மா சொல்லுவா. அதை விடையாக எடுக்கவேண்டாம், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கபினைத் தீர்மானிக்க வேண்டியது இந்தத் தாள்தான்.

கபினில் நாலு வகை

சன்னல் இல்லாத உள்ளறை, திறக்கமுடியாத சன்னலோடு கடல் தெரியும் அறை, பல்கனி அறை, இருக்கையறையும் சேர்ந்த சுவீற். உள்ளறை பொதுவாக 140 முதல் 180 சதுர அடி. மூன்று மீற்றர் அகலம், ஐந்து மீற்றர் நீளம் என்று வையுங்கள். குளியலறையும் அலுமாரியும் அதற்குள்தான். பல்கனி அறை 170 முதல் 200 சதுர அடி, பல்கனி தனியாக 40 முதல் 60. பழைய கப்பல்களில் இதிலும் சிறிதாக இருக்கும். 2023 யூனில் காங்கேசன்துறைக்கு வந்த 'எம்பிரஸ்' 1990இல் சேவைக்கு வந்த கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பல்கனி அறைகள் மிகக் குறைவு. கப்பலின் பெயரையும் வயதையும் பார்க்காமல் "பல்கனி எடுப்பம்" என்று முடிவெடுக்க முடியாது.

விளம்பரத்தில் "பல்கனி" என்று இருந்தாலும் கடல் தெரியும் என்பதில்லை. 'ஒயாசிஸ்' வகைப் பெரிய கப்பல்களில் சில பல்கனிகள் கப்பலின் உள்முற்றத்தைப் பார்த்திருக்கும். சன்னல் அறைகளில் "பார்வை மறைந்தது" என்ற குறிப்பு இருந்தால் பெரும்பாலும் உயிர்காப்புப் படகு முன்னால் தொங்குகிறது என்று அர்த்தம். வெளிச்சம் போதும், காட்சி தேவையில்லை என்பவர்களுக்கு இது நல்ல மலிவான தெரிவு.

உள்ளறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. குழந்தைக்கு நித்திரை வரும். ஆனால் இரவில் எழும்பும் முதியவர் விழுவார். பதுங்குகுழிக்குள் மாதக்கணக்கில் இருந்தவர்களில் சிலருக்குச் சன்னல் இல்லாத சிறிய அறை நெஞ்சை அடைக்கும். அப்படிப்பட்டவர் குடும்பத்தில் இருந்தால், மிச்சம் பிடிக்கும் காசை வேறெங்காவது பிடியுங்கள். அவருக்குச் சன்னல் வேண்டும்.

ஆட்களை எண்ணும் முறை

கப்பல் விலை "இருவருக்கு ஒரு கபின்" என்ற கணக்கில் ஓடுகிறது. முதல் இரண்டு பேருக்கும் முழுக்கட்டணம், மூன்றாம் நாலாம் ஆட்களுக்குப் பெரும்பாலும் குறைவு. ஒருவர் தனியாக ஒரு கபின் எடுத்தால் பல கப்பல்களில் இரண்டு பேருக்கான காசைக் கட்டவேண்டிவரும். கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். மூன்று பேருக்கான கபினில் மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையும் ஏறமுடியாது.

மூன்றாமவரும் நாலாமவரும் படுப்பது சோபாக்கட்டிலில் அல்லது சுவரிலோ கூரையிலோ இருந்து இறங்கும் மேல்கட்டிலில். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேல்கட்டிலில் விடக்கூடாது என்பதே பெரும்பாலான கப்பல்களின் வழமை. சோபாவை விரித்தால் நடக்கும் வழி அடைபடும். சில அறைகளில் பல்கனிக் கதவும் திறக்காது. ஐந்து பேர் படுக்கும் கபின்கள் அரிது. ஐந்து பேர் என்றால் இரண்டு கபின் என்றே கணக்குப் போடுங்கள்.

இன்னொரு பொறி. கபினில் கட்டில் காலியாக இருந்தும் "மூன்றாமவரைச் சேர்க்க இடமில்லை" என்று பதில் வரலாம். காரணம், அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகுகளில் இத்தனை பேர்தான் என்ற எல்லை. அதனால் முதலில் இரண்டு பேரைப் பதிந்துவிட்டுப் பிறகு அம்மாவைச் சேர்ப்போம் என்று விடாதீர்கள். வரக்கூடிய எல்லோரையும் தொடக்கத்திலேயே பதியுங்கள். வராதவரைக் கழிப்பது சேர்ப்பதைவிடச் சுலபம்.

வீசா வருமா வராதா என்ற நிலையில்

வன்னியில் இருந்து போகிறவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். கபின் இப்போது எடுக்கவேண்டும், வீசா முடிவு பிறகுதான் வரும். கப்பல் ஒரு நாட்டை விட்டு வெளியேறித் திரும்ப அதே நாட்டுக்குள் வந்தால் பலமுறை நுழையும் வீசா தேவை என்பதையும் விண்ணப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாய் தகப்பனை மட்டும் ஒரு கபினில் போட்டு, ஒருவருக்கு வீசா மறுக்கப்பட்டால், மற்றவர் தனியாள் கட்டணத்தில் நிற்பார். இருவருக்கும் மறுக்கப்பட்டால் முழுக் கபினும் போகும். இதைத் தவிர்க்கும் வழி, வீசா உறுதியில்லாதவர்களைக் கபினுக்கு ஒருவராக, மூன்றாம் ஆளாகப் பதிவது.

ஒன்பது பேரை எடுங்கள். வட்டக்கச்சியில் இருந்து தாய், தகப்பன். ரொறன்ரோவில் இருந்து மகள், மருமகன், 14 வயதுப் பெண், 9 வயதுப் பெடியன். லண்டனில் இருந்து மகன், மருமகள், பத்து மாதக் குழந்தை. இடையில் கதவு உள்ள இரண்டு கபின்களை மகளின் குடும்பத்துக்கு எடுங்கள். முதலாவதில் மகள், பெண்பிள்ளை, மூன்றாம் ஆளாகத் தாய். இரண்டாவதில் மருமகன், பெடியன், மூன்றாம் ஆளாகத் தகப்பன். வீசா வராவிட்டாலும் இரண்டு கபினிலும் இரண்டு பேர் இருப்பார்கள். இழப்பது மூன்றாமவருக்கான காசில் திரும்பாத பங்கை மட்டும். வீசா வந்தால், கப்பலில் ஏறியதும் மகளும் தகப்பனும் இடம் மாறுவார்கள். தாயும் தகப்பனும் பெரிய கட்டிலில், பேத்தி மேல்கட்டிலில். மற்றக் கபினில் மகளும் மருமகனும், பெடியன் சோபாவில். மாறியதை வரவேற்பு மேசையில் சொல்லித் திறப்பு அட்டைகளைத் திருத்துங்கள். ஆபத்து நேரத்தில் ஆட்களைத் தேடுவது யார் எந்தக் கபினில் என்ற பட்டியலை வைத்துத்தான்.

லண்டன் குடும்பத்தின் கபின் அதே தளத்தில் நாலைந்து கதவு தள்ளி இருக்கட்டும். பத்து மாதக் குழந்தை இரவு இரண்டு மணிக்கு அழுதால் மற்ற ஆறு பேரும் எழும்பத் தேவையில்லை. கைக்குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். நாட்கணக்கில் கரை தொடாமல் பெருங்கடல் கடக்கும் பயணங்களில் பன்னிரண்டு மாதம் கேட்பார்கள். தொட்டிற்கட்டிலைப் பதிவின்போதே கேட்டு வையுங்கள். அதை விரிக்க நிலம் வேண்டும் என்பதால் சோபா இல்லாத குட்டிக் கபினை எடுக்கவேண்டாம்.

இடைக்கதவு உள்ளதும் பக்கத்தில் உள்ளதும்

பதிவுப் பக்கத்தில் 'கனெக்டிங்' என்றால் இரண்டு அறைக்கும் நடுவில் கதவு. 'அட்ஜாயினிங்', 'அட்ஜசன்ட்' என்றால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து அறைகள் மட்டும். போய்வர வெளியே உள்ள நடைபாதையைத்தான் பாவிக்கவேண்டும். ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே என்று காட்டும் தளப்படத்தில் இடைக்கதவுக்கும் மூன்றாம் நாலாம் கட்டிலுக்கும் சக்கரநாற்காலி அறைக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. கப்பலுக்குக் கப்பல் மாறும் என்பதால் படத்தின் அடியில் உள்ள விளக்கத்தை வாசித்தே முடிவெடுங்கள். இடைக்கதவால் சத்தம் தாராளமாக வரும். உங்கள் குடும்பத்துக்குத் தேவையில்லை என்றால் அப்படிப்பட்ட கபினை எடுக்காதீர்கள். அடுத்த அறையில் யாரோ இருப்பார்கள்.

ஒவ்வொரு கபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்கவேண்டும். வட அமெரிக்காவில் இருந்து புறப்படும் பல கப்பல்களில் அதற்கு 21 வயது, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பெரும்பாலும் 18. பெற்றோர் பக்கத்திலோ எதிரிலோ இருந்தால் சில நிறுவனங்கள் தளர்த்தும். எங்கள் கருத்தில், பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவர் இருந்தால் பெற்றோருக்குப் பல்கனி, நடைபாதைக்கு எதிரே பிள்ளைகளுக்கு உள்ளறை என்பதுதான் சிறந்த சேர்க்கை. நாலு பேர் ஒரு பல்கனி அறைக்குள் நெருங்குவதோடு விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவாக வரும் பயணங்கள் உண்டு. குளியலறையும் இரண்டு கிடைக்கும். காலையில் நாலு பேர் வெளிக்கிடும்போது அதன் அருமை தெரியும்.

'கரன்ரி' என்ற பெயரில் விற்கும் மலிவுக் கபினில் வகை மட்டும் உறுதி, இலக்கத்தைக் கப்பல் நிறுவனமே போடும். இளந்தம்பதிக்குச் சரி. மூன்று கபின் குடும்பம் இதை எடுத்தால் ஒருவர் முன்தலையில், ஒருவர் பின்னால், இருவருக்கும் இடையில் 200 மீற்றர் நடை.

கப்பலின் எந்த இடம்

கிணற்றுத் துலாவில் நடுப்பகுதி குறைவாகவும் நுனி அதிகமாகவும் அசைவதுபோல, அலையில் கப்பலின் முன்னும் பின்னும் ஏறி இறங்கும். நடு அமைதியாக இருக்கும். மேல்தளங்கள் பக்கவாட்டில் கூடுதலாக ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தை நீருக்குள் விரியும் துடுப்புகள் குறைக்கும். முன்பின் ஏற்ற இறக்கத்தை அவற்றால் பெரிதாகக் குறைக்க முடியாது. குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகும் வள்ளத்தில் சத்தி எடுத்தவர் யாரும் குடும்பத்தில் இருந்தால், அவருக்கு நடுவிலும் கீழ்த்தளத்திலும், முடிந்தால் சன்னலோடு, கபின் எடுங்கள். தொடுவானம் தெரிவது தலைச்சுற்றைக் குறைக்கும்.

சத்தத்துக்கு ஒரே விதி: மேலும் கீழும் கபின்களே இருக்கும் தளத்தைத் தெரிவுசெய்யுங்கள். தளப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்பிடுங்கள். நீச்சல்தடாகத் தளத்துக்கு நேர்கீழே எடுத்தால் விடிய முன்னரே சாய்கதிரைகளை இழுக்கும் சத்தம் கேட்கும். அரங்குக்கும் நடன மண்டபத்துக்கும் மேலே எடுத்தால் நள்ளிரவு தாண்டியும் கட்டில் அதிரும். படத்தில் பெயரில்லாமல் வெள்ளையாக விட்ட இடம் பெரும்பாலும் சமையலறை அல்லது பணியாளர் பகுதி, அதற்கும் கிட்ட வேண்டாம். முன்தலைக் கீழ்த்தளத்தில் துறைமுகம் சேரும் காலைகளில் நங்கூரச் சங்கிலியும், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் பக்கவிசிறியும் எழுப்பிவிடும். பின்புறக் கீழ்த்தளத்தில் இயந்திர அதிர்வு.

முதியவர் கபின் லிப்டில் இருந்து ஐந்தாறு கதவு தள்ளி இருந்தால் நல்லது. லிப்டுக்கு வாயிலிலேயே எடுத்தால் இரவிரவாக ஆட்கள் கதைத்துக்கொண்டு நிற்பார்கள்.

காலும் கையும் இயலாதவர்களுக்கு

செயற்கைக்காலோடு நடப்பவர்கள், சக்கரநாற்காலியில் இருப்பவர்கள் எங்கள் ஊர்க் குடும்பங்களில் பலர். பகலில் செயற்கைக்காலோடு நன்றாக நடப்பவரும் குளிக்கும்போது அதைக் கழற்றவேண்டும். சாதாரணக் கபின் குளியலறையின் கதவு ஒடுக்கம், வாசலில் ஒரு படி, குளிக்கும் இடம் ஓர் ஆள் திரும்பும் அளவு. அதனால் "நடக்கிறார்தானே" என்று சாதாரண அறை எடுக்காதீர்கள். சக்கரநாற்காலிக்கான அறையில் கதவு ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் அகலம், குளியலறைத் தரை மட்டமாக இருக்கும், மடிக்கும் இருக்கையும் பிடிகம்பியும் உண்டு. எண்ணிக்கை குறைவு, முதலில் முடிவதும் இவைதான். கப்பல் நிறுவனம் ஒரு படிவம் கேட்கும். உண்மையான தேவையை எழுதுங்கள்.

கப்பல் புறப்படும் நேரத்தில் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் பலமாக ஒலிக்கும். போர்க்காலத்தைக் கண்டவர்களுக்கு இதை முதல்நாளே சொல்லிவைத்து, அந்த நேரத்தில் அவர்களைக் கபினில் தனியாக விடாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால்

பல்கனிக் கைபிடி ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான உயரம். ஆபத்து கைபிடியில் இல்லை, பக்கத்தில் கிடக்கும் கதிரையில் உள்ளது. ஏறியவுடன் கதிரை மேசையைச் சுவரோடு ஒதுக்குங்கள், அல்லது எடுத்துவிடச் சொல்லுங்கள். கதவின் மேல்தாழ் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நாலைந்து வயதுத் துடியாட்டப் பிள்ளை இருந்தால் சன்னல் அறையே போதும்.

கபினுக்குள் கொண்டுபோகவும் விடவும்

சோறு சமைக்கும் மின்பானை, அயன்பெட்டி, கேத்தில் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். கற்பூரம், ஊதுபத்தி, விளக்கு கொளுத்தவே முடியாது. சாமிப்படம் மட்டும் வைக்கலாம். பெரும்பாலான கபின்களில் கழிவறைக்குத் தண்ணீர்க்குழாய் இல்லை, தாள் மட்டும்தான். கபினுக்கு ஒரு பிளாஸ்ரிக் குவளை கட்டாயம் கட்டுங்கள். சிறிய இரவு விளக்கொன்றும் எடுங்கள். இன்சுலின் பாவிப்பவருக்கு மருந்துக்குளிரூட்டியும் பாவித்த ஊசிகளைப் போடும் பெட்டியும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுங்கள்; கபினில் இருக்கும் குளிர்ப்பெட்டி பல கப்பல்களில் போதிய குளிர் தராது. மேல்கட்டிலைக் காலையில் மடித்து இரவில் இறக்கச் சொல்லி அறைப் பணியாளரிடம் முதல்நாள் மாலையே கேளுங்கள், பகலில் இருக்க இடம் கிடைக்கும்.