அம்மாவின் உயிலை இப்படித்தான் எழுதினோம்

அப்பா எழுதி வைத்த உயிலில் வாசகம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாட்சிகள் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டோம். வீட்டை அம்மா பெயருக்குக் கொண்டுவர மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைந்தோம். அம்மா தன் உயிலை எழுத வேண்டும் என்றதும் ஒவ்வொன்றையும் கேட்டு, படித்துச் செய்தேன். இது இந்துக் குடும்பங்களுக்கான விளக்கம். முஸ்லிம்களுக்கு வேறு விதிகள் உண்டு.

முதலில் சொத்துக் கணக்கு. சுயார்ஜிதம் (தானே சம்பாதித்தது) எது, பூர்வீகம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டுமே உயிலாக எழுத முடியும். சொத்து விவரத்தையும் செக்குபந்தியையும் (நான்கு பக்க எல்லை) மூலப்பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதி, பக்கத்தில் இப்போதைய பட்டா எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் சேருங்கள். எங்கள் மனை பத்திரத்தில் ஒரே சர்வே எண்ணாக இருக்கிறது, பட்டாவிலோ உட்பிரிவு ஆகிவிட்டது. வங்கி டெபாசிட்டையும் விடாதீர்கள். நாமினி போட்டாயிற்றே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதனாலேயே அது அவருக்குச் சொந்தம் ஆகிவிடாது.

அடுத்து வாசகம். முத்திரைத்தாள் தேவையே இல்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதுவதுதான் நல்லது. அம்மா கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்து இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார். யூனிகோடில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். வேர்டு ஃபைலாகக் கொண்டுபோனபோது கடைக் கணினியில் பாதி எழுத்து கட்டம் கட்டமாக வந்தது. முந்தைய உயில்கள் எல்லாம் ரத்து என்ற வரி, இதில் குறிப்பிடாத சொத்து யாருக்கு என்ற வரி, பங்கு பெற வேண்டியவர் முன்னதாகவே இறந்துவிட்டால் அது யாருக்கு என்ற வரி, இந்த மூன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

இனி சாட்சி. இங்கே நிதானமாக இருங்கள்.

அப்பாவுக்குச் சாட்சி போட்டவர்கள் அவருடைய இரண்டு நண்பர்கள், இருவரும் அவர் வயதுக்காரர்கள். அப்பா போனபோது ஒருவர் உயிரோடு இல்லை. இன்னொருவர் படுத்த படுக்கை, எங்களையே அடையாளம் தெரியவில்லை. பங்கு குறைந்த என் அண்ணன் ஆட்சேபம் தெரிவித்தார், வழக்காகிவிட்டது. உயிலை நிரூபிக்கச் சாட்சி போட்டவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் வேறு விதத்தில் நிரூபிக்க வேண்டும். இறந்துபோன நண்பர் எனக்கு ஆறாம் வகுப்பு வாத்தியார். பரணில் இருந்த என் ரேங்க் கார்டில் அவர் கையெழுத்து இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். அவர் மகன் கூண்டில் ஏறி, "இது எங்கப்பா கையெழுத்துதான்" என்று சொன்ன பிறகுதான் வழி பிறந்தது.

சட்டம் கேட்பது இதுதான்: குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதுபவர் கையெழுத்துப் போடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்து' என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் அவர் முன்னிலையில் இவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தாளை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் போட்டுத் திருப்பித் தருவது கூடாது. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனாலும் ஒரே உட்காரலில் முடிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. அம்மாவுக்கு நாற்பது வயதுக்குட்பட்ட இருவரைப் பிடித்தேன். ஒருவர் அம்மாவைப் பல வருடமாகப் பார்க்கும் டாக்டர், இன்னொருவர் எதிர்வீட்டுப் பையன். இருவரின் முழு முகவரியும் உயிலில் இருக்கிறது. அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது, அவசரப்படுத்தவில்லை.

பதிவு செய்வது கட்டாயம் இல்லை. நாங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம், உங்களுக்கும் அதையே சொல்வேன். தாள் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். ஆனால் பதிவு செய்துவிட்டதால் சாட்சியே தேவைப்படாது என்று நினைக்காதீர்கள். பதிவான உயிலுக்குப் பின் பதிவில்லாத ஒன்றை முறைப்படி எழுதினாலும் கடைசியாக எழுதியதுதான் செல்லும். மூல உயிலை லேமினேட் செய்யாதீர்கள்.

உயில் எதற்கு, உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டையே செட்டில்மெண்ட் எழுதுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். எழுதியே ஆக வேண்டும் என்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பிள்ளைகள் கைவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி ரத்து கேட்க அதுதான் பிடிமானம்.

பின்சேர்க்கை: மகனே சாட்சி போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பங்கு பெறுபவர் சாட்சி போட்டால் பின்னால் சந்தேகம் கிளப்ப அதுவே போதும், வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சாட்சி போட்டவருக்கோ அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ எழுதிய பங்கே செல்லாமல் போய்விடும். படுக்கையில் இருக்கும் தாயாரை எப்படிப் பதிவுக்குக் கூட்டிப்போவது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். விண்ணப்பம் கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி உண்டு. அன்றைக்கு இரண்டு சாட்சிகளையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.