வலைச்செயலியைப் பின்னணிச் சேவையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் கடையொன்றின் ஆர்டர்களைப் பதிவு செய்யும் வலைச்செயலி, கடையிலுள்ள லினக்ஸ் கணினியிலேயே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்தடை நீங்கிக் கணினி இயங்கத் தொடங்கும்போது, யாரும் லாகின் செய்யாமலேயே செயலியும் ஓடத் தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் அதை, லினக்ஸில் பின்னணிச் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் (systemd) ஒப்படைக்கிறோம். லாகின் செய்தவருக்குக் கிடைக்கும் வசதிகள் எதுவும் சேவைக்குக் கிடைக்காது என்பதை மறப்பதே பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

சேவையை எப்படி ஓட்ட வேண்டும் என்று சிஸ்டம்டிக்குச் சொல்வது யூனிட் கோப்பு; அதில் இயக்க வேண்டிய கட்டளையைக் குறிப்பது எக்ஸெக்ஸ்டார்ட் (ExecStart) வரி. டெர்மினலில் ஓடிய கட்டளையைப் பலர் அந்த வரியில் அப்படியே ஒட்டுகிறார்கள். அந்த வரி, டெர்மினலில் கட்டளைகளைப் புரிந்து இயக்கும் ஷெல் வழியாக இயங்குவதில்லை. ஆகவே பைப் குறியோ, கட்டளைகளை இணைக்கும் குறிகளோ அங்கே செல்லுபடியாகா. ஷெல் படிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் எழுதிவைத்த, நிரல்களைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் பாத் (PATH) அமைப்பும் சேவைக்கு எட்டாது. பைத்தான் செயலியானால், செயலிக்கான நூலகங்களைத் தனியே வைத்திருக்கும் வெர்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையையே எழுத வேண்டும். செயலி எந்த அடைவில் ஓட வேண்டும் என்று சொல்லும் வொர்க்கிங் டைரக்டரியைக் (WorkingDirectory) குறிப்பிடாவிட்டால் சேவை ரூட் அடைவிலிருந்து (/) தொடங்கும் என்பதால், கோப்புகளைத் தேடிக் கிடைக்காமல் செயலி நின்றுவிடும்.

சாதாரணப் பயனருக்கு இயல்பாகக் கிடைக்காத 80ஆம் போர்ட் வேண்டும் என்பதற்காகச் செயலியை, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓட்டுவதுதான், என் கருத்தில், மிக ஆபத்தானது. செயலியில் ஓட்டை ஒன்று இருந்தால் கணினி முழுவதும் பறிபோகும். தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, 8000 போன்ற போர்ட்டில் செயலியை ஓட்டி, கோரிக்கைகளை 80ஆம் போர்ட்டில் வாங்கிச் செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸை (nginx) முன்னால் வைப்பதே முறை.

ரீஸ்டார்ட் அமைப்பு சற்று நுட்பமானது. எதுவும் எழுதாவிட்டால், விழுந்த சேவையைச் சிஸ்டம்டி மீண்டும் எழுப்பாது. பிழையால் விழுந்தால் மீண்டும் எழுப்பு என்று பொருள்படும் ஆன்-ஃபெயிலியர் (on-failure) என்று மட்டும் எழுதினால் 100 மில்லிவினாடி இடைவெளியில் முயலும். இயல்பான வரம்பான 10 வினாடிக்கு 5 தொடக்கங்கள் தீர்ந்ததும் கைவிட்டுவிடும். மின்சாரம் வந்தவுடன் தரவுத்தளம் தயாராகச் சில வினாடிகள் ஆகலாம். அதற்குள் செயலி ஐந்து முறையும் விழுந்துவிட்டால், ஆளில்லாத கடையில் அது விழுந்தபடியே கிடக்கும். முயற்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைச் சொல்லும் ரீஸ்டார்ட்செக் (RestartSec) மதிப்பை 5 வினாடியாக வைத்தால் அந்த வரம்பை எட்டாது. ஆஃப்டர் (After) வரி சேவைகள் தொடங்கும் வரிசையை மட்டுமே சொல்கிறது. தரவுத்தளத்தைத் தானாக எழுப்ப வான்ட்ஸ் (Wants) அல்லது ரெக்வயர்ஸ் (Requires) வரியும் வேண்டும்.

செயலியை நிறுவத்தக்க பொதியாக்கும்போது, வாடிக்கையாளர் ஏற்றிய படங்களை நிரல் இருக்கும் அடைவிலேயே சேமிக்க வேண்டாம். புதிய பதிப்பை நிறுவும்போது அவை அழிந்துபோகலாம். ஸ்டேட்டைரக்டரி (StateDirectory) வரியை எழுதினால், வார் லிப் (/var/lib) அடைவின் கீழ் உரிய பயனருக்கான இடத்தைச் சிஸ்டம்டியே உருவாக்கித் தரும்.

யூனிட் கோப்பைத் திருத்தியபின், மாற்றத்தைச் சிஸ்டம்டி படிக்க டெமன்-ரீலோட் (daemon-reload) கட்டளையை இயக்குங்கள். சேவையை ஸ்டார்ட் செய்வதோடு நிறுத்தாமல், கணினி தொடங்கும்போதே அது ஓடும்படி எனேபிளும் (enable) செய்து, கணினியை ஒருமுறை ரீபூட் செய்து, லாகின் செய்யாமல் வேறொரு கைப்பேசியிலிருந்து செயலியைத் திறந்து பாருங்கள்.